கஸ்தான்யாக் காலம்

அக்டோபர் பிறந்ததும் எங்கள் உணவகத்தின் பின்கதவுப் பக்கம் சாக்குகள் வந்து சேரத் தொடங்கும். உருளைக்கிழங்குச் சாக்கு, மாச் சாக்கு, சில வேளை தலையணை உறை. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒன்றுதான்: காட்டில் பொறுக்கிய செஸ்நட். சுவிஸின் தெற்கு மூலையான திச்சினோவில் அதைக் கஸ்தான்யா என்பார்கள். இத்தனை வருடத்தில் எனக்கும் வேறு பெயர் வாயில் வருவதில்லை. புதிதாக வேலைக்கு வரும் பொடியன்கள் சாக்கைக் கண்டதும், "அண்ணை, இதில என்ன செய்யப்போறம்?" என்று கேட்பார்கள். கொட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பேன். அவர்கள் பகிடி என்று நினைப்பார்கள். பகிடி இல்லை. பொறுக்கிய கொட்டையில் என்ன சமைப்பது என்பது அடுப்படியில் முடிவாவதில்லை, கொட்டிப் பிரிக்கும் மேசையில்தான் முடிவாகிறது.

நான் வேலை செய்வது லுகானோவுக்கு மேற்கே மல்கந்தோனே மலைப்பகுதியில் இருக்கும் ஒரு க்ரொட்டோவில். மலைப்பாறையில் இயற்கையாகக் குளிர்ந்திருக்கும் குகைகளை வைனும் சீஸும் வைக்கும் நிலவறைகளாக அந்தக் காலத்தில் பயன்படுத்தினார்கள். அவற்றின் வாசலில் மரநிழலில் கருங்கல் மேசை போட்டுச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கியதுதான் க்ரொட்டோ. பொலெந்தா என்ற சோளமாக் களி, கூட்டிறைச்சி, மெர்லோ வைன். பெரிய பட்டியல் இருக்காது. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை அரசாங்கம் மாநிலம் மாநிலமாகப் பிரித்து அனுப்பிய காலத்தில், எனக்கு விழுந்தது இத்தாலிய மொழி பேசும் இந்தப் பக்கம். எங்கள் ஆட்களில் பலரைப் போல நானும் கோப்பை கழுவித்தான் குசினிக்குள் நுழைந்தேன். கோப்பையிலிருந்து மரக்கறி வெட்டும் மேசைக்கு, அங்கிருந்து அடுப்புக்கு. இடையில், இலையுதிர் காலம் வந்தால் மட்டும் கஸ்தான்யா உரிக்கும் மூலை. அந்த மூலையில் யாரும் விரும்பி இருப்பதில்லை. நகக்கண்ணுக்குள் தோல் ஏறும், விரல் கறுக்கும். அதனால் அது எப்போதும் கடைசியாக வந்தவனின் வேலை. அங்கே இருந்தபடியால்தான் இந்தக் கொட்டையை எனக்குத் தெரியும்.

மரத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். ரோமானியர் காலத்தில் இங்கே பயிர்செய்யப்பட்ட மரம் என்பார்கள். ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரம்வரை இந்தச் சரிவுகளில் நிற்கிறது. சோளமும் உருளைக்கிழங்கும் வரும்வரை மலைக் கிராமங்களில் குளிர்காலச் சாப்பாடே இதுதான். ரொட்டி மரம் என்றுதான் கிழவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அதன் உரிமையிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஊர்ப் பொதுநிலத்தில் ஒருவர் மரம் நட்டால் நிலம் ஊருக்கு, மரமும் விளைச்சலும் நட்டவருக்கு. சில பழைய அடிமரங்களில் சொந்தக்காரரின் பெயரெழுத்து வெட்டியிருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுவிஸ் சிவில் சட்டத்தின் 699ஆம் பிரிவு, காட்டுக்குள் போகவும் காட்டுப்பழம், காளான் போன்றவற்றை ஊர் வழக்கத்துக்குட்பட்டு எடுக்கவும் யாருக்கும் இடம் கொடுக்கிறது. அதை நம்பிக்கொண்டு, புல் வெட்டி, கிளை கழித்துப் பராமரித்த தோப்புக்குள் கூடையோடு இறங்கக் கூடாது. அது ஒருவருடைய உழைப்பு. கேட்டால் பெரும்பாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள் கழிந்தால் தோப்பில் மிஞ்சியதை யாரும் பொறுக்கலாம் என்பது பழைய வழக்கம். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு கிடைப்பதில் பாதிக்குமேல் பன்றி முகர்ந்து விட்டுப்போனதுதான்.

நகரத்துப் பூங்காக்களில் வேறொரு மரம் நிற்கும். குதிரைச் செஸ்நட். பார்வைக்கு இதைவிட மினுங்கும், குழந்தைகள் சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு போவார்கள். அது நஞ்சு. வித்தியாசம் கண்டுகொள்வது கஷ்டமில்லை. நல்ல மரத்தின் கோதில் ஊசி ஊசியாக நெருக்கமான முள், கை வைக்க இடமிருக்காது. உள்ளே இரண்டு மூன்று கொட்டைகள், ஒரு பக்கம் தட்டையாக, நுனியில் சின்னக் குஞ்சத்தோடு. இலை தனி இலை, நீளம், விளிம்பில் வாள்பல். குதிரைச் செஸ்நட்டின் பச்சைக் கோதில் அங்கொன்று இங்கொன்றாகத் தடித்த முள், உள்ளே உருண்டையான கொட்டை, நுனியில்லை. இலை விரல் விரித்த உள்ளங்கை போல ஐந்தோ ஏழோ பிரிவு. சந்தேகம் வந்தால் நான் கொட்டையைப் பார்ப்பதில்லை, அண்ணாந்து இலையைப் பார்ப்பேன்.

பொறுக்குவதற்கு நல்ல நேரம், இரவு காற்றடித்த மறுநாள் காலை. மரத்தை உலுக்கவோ தடியால் அடிக்கவோ கூடாது. விழுந்ததுதான் விளைந்தது. பூட்ஸ் காலின் கீழ் கோதை உருட்டினால் வாய் பிளக்கும், தோல் கையுறை போட்ட கையால் எடுக்கலாம். ஒரு மரம் உதிர்ந்து முடிய இரண்டு மூன்று கிழமை ஆகும். அதற்குள் தினமும் போகவேண்டும். ஈர நிலத்தில் ஓரிரு நாள் கிடந்தாலே பூஞ்சணம் பிடித்துவிடும். உல்லாசப் பயணிகள் பெரிய மினுங்கலான கொட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சின்னதில்தான் ருசி இருக்கிறது என்பது என் கட்சி. எங்கள் முதலாளியம்மா இதை ஒப்புக்கொள்வதில்லை.

இனி மேசைக்கு வருகிறேன்.

சாக்கை முதலில் ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் கொட்டுவோம். மிதப்பதை அள்ளிக் கழித்துவிட வேண்டும். உள்ளே புழு குடைந்து வெற்றிடமானதும், பருப்பு வற்றிச் சுருங்கியதும் மிதக்கும். இது முழு நம்பிக்கைக்குரிய சோதனை இல்லை. இப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த புழு உள்ளே இருந்தால் கொட்டை கல்லுப் போல மூழ்கும். ஒரு வண்டும் ஒரு அந்துப்பூச்சியும் இந்த வேலையைச் செய்கின்றன. வெளியே வட்டமாக ஓட்டை தெரிந்தால் புழு சாப்பிட்டு முடித்துக் கிளம்பிவிட்டது என்று பொருள். ஓட்டை தெரியாமல் அடிப்பாகத்தில் தோல் மங்கிக் கிடந்தால் அது இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. இதைக் கண் பிடிக்காது, பெருவிரல் பிடிக்கும். நல்ல கொட்டையை அழுத்தினால் தோலுக்கும் பருப்புக்கும் இடையில் ஒரு நூல் இடமும் இருக்காது.

மூழ்கியதைத் துடைத்து மேசையில் மூன்று குவியலாகப் பிரிக்கிறோம். பெரிதாக, முழுசாக, ஒரே பருப்பாக இருப்பது முதற்குவியல். ஒட்டுப்போட்ட நல்ல மரங்களின் கொட்டைகள் இப்படி இருக்கும். உட்தோல் பருப்பின் மடிப்புக்குள் புகாமல் மேலாக மட்டும் போர்த்திருக்கும், சுலபமாகக் கழரும். இரண்டாவது, சின்னதாக ஆனால் பழுதில்லாமல் இருப்பவை. மூன்றாவது, வெடித்தது, ஒரு மூலை கெட்டது, வெட்டியெறிந்தால் மிச்சம் தேறும் என்பது. மூன்றாம் குவியல் அன்றைக்கே அடுப்பேற வேண்டும். முதற்குவியல் பொறுத்திருக்கும். உண்மையில் பொறுத்திருந்தால்தான் அதற்கு நல்லது. விழுந்த அன்று கஸ்தான்யாவில் மாப்பொருள்தான் இருக்கும், வாயில் வைத்தால் மா மா என்றிருக்கும். குளிர்ந்த இடத்தில் சில நாள் கிடந்தால் மாப்பொருளில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறும். அன்று பொறுக்கி அன்று சுட்டதைப் புகழ்பவர்கள் மூன்று நாள் கழித்துச் சுட்டதைச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள்.

ஆனால் வைத்திருப்பது லேசில்லை. கொட்டை என்ற பெயரில் இருந்தாலும் இது பாதாம், அக்ரூட் இனத்தோடு சேர்க்கக் கூடிய சாமான் இல்லை. கொழுப்பு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான், எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். பச்சைக் கிழங்கைப் போலத்தான் நடத்தவேண்டும். இத்தாலிப் பக்கத்தில் ஒன்பது நாள் முறை என்று ஒன்று உண்டு. குளிர்ந்த தண்ணீரில் முழுக அமிழ்த்தி, தண்ணீரை மாற்றி மாற்றி, ஒன்பது நாள்வரை வைப்பார்கள். காற்றில்லாமல் புழு சாகும், லேசான புளிப்பு நொதிப்பு ஏறிப் பூஞ்சணத்தைத் தடுக்கும். பிறகு நிழலில் மெல்லியதாகப் பரப்பி, தினமும் கையால் கிளறி நன்றாக உலரவிட்டால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். அவசரமென்றால் 50 பாகை வெந்நீரில் முக்கால் மணி நேரம் வைத்து உடனே குளிர்நீருக்கு மாற்றலாம், அதுவும் புழுவைக் கொல்லும். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. கொஞ்சம் கூடினால் பருப்பு வெந்துவிடும், பிறகு ஒரு நாளும் தாங்காது.

உரிப்பதுதான் இந்தத் தொழிலில் உண்மையான வேலை. இரண்டு தோல். வெளித்தோல் முரடு, அதோடு பிரச்சினை இல்லை. உட்தோல் மெல்லியது, துவர்ப்பு முழுக்க அதில்தான். சின்ன மரத்துக் கொட்டைகளில் அது பருப்பின் மடிப்புக்குள் ஆழமாகப் போய்க் கிடக்கும். ஒரு துணுக்கு தங்கினாலும் ஒரு சட்டி களி துவர்க்கும். சூட்டில், ஆவியின் ஈரத்தில் அது இளகிப் பருப்பை விட்டு விலகுகிறது. ஆறினால் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் பழக்கம். கொட்டையின் வளைந்த பக்கத்தில் குறுக்காக ஒரு கீறல் போடவேண்டும். வெளித்தோலோடு உட்தோலும் அறுபட வேண்டும், பருப்பில் இறங்கக் கூடாது. கீறாமல் அடுப்பில் போட்டால் உள்ளே ஆவி அடைபட்டு வெடிக்கும்.

சுடுவதற்குக் கீறியதைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு ஓட்டைபோட்ட இரும்புத் தாச்சியில் நெருப்புக்கு மேல் உலுக்கி உலுக்கிச் சுடுவோம். அடுப்பறை என்றால் 220 பாகையில் இருபது நிமிடத்துக்குக் கிட்ட. இறக்கியதும் ஈரத்துணியில் பொதிந்து பத்து நிமிடம் வைத்தால் தோல் தளரும். அவிப்பதென்றால் தண்ணீரில் பிரியாணி இலையும் பெருஞ்சீரகமும் போடுவோம். உரிக்கும்போது ஒரே நேரத்தில் நாலைந்து கொட்டைதான் வெந்நீரிலிருந்து வெளியே வரவேண்டும். மிச்சம் சூட்டிலேயே கிடக்கட்டும். இரும்புப் பாத்திரத்தில் அவிக்கக் கூடாது. துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் எல்லாம் கறுக்கும். வறண்ட சூட்டில் சுடுவதற்கு மட்டும்தான் இரும்பு. இத்தனைக்குப் பிறகு ஒரு கிலோவில் 700 கிராம் தேறினால் நல்ல கொட்டை. உரித்து, வெற்றிடப் பொதியில் அடைத்து விற்கிறார்களே, அதை வாங்கிப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குறை சொல்லமாட்டேன், பல நல்ல குசினிகளில் அதுதான் ஓடுகிறது. ஆனால் அதில் எல்லாம் ஒரே அளவு, ஒரே ருசி. பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

முதற்குவியல் வேட்டை இறைச்சிக்குப் போகும். இங்கே செப்டெம்பரில் வேட்டை. அதற்குப் பிறகு நவம்பர்வரை மான் இறைச்சி இல்லாத பட்டியல் இல்லை. வைனில் ஊறிய மானிறைச்சிக்குப் பக்கத்தில் சிவப்புக் கோவா, ஷ்பெட்ஸ்லி என்ற அவித்த மாத்துண்டுகள், சர்க்கரைப் பாகு பூசிய முழுக் கஸ்தான்யா. சீனியைத் தனியாகப் பொன்னிறமாக உருக்கி, வெண்ணெய், கொஞ்சம் இறைச்சிச் சாறு சேர்த்து, உரித்த பருப்பை அதில் போட்டு மெல்லிய சூட்டில் வைப்பேன். அகப்பை போடக் கூடாது. போட்டால் உடையும், உடைந்தது பாகைக் கலக்கிக் கூழாக்கும். தாச்சியின் கைபிடியைப் பிடித்து ஆட்டினால் போதும். சாறு வற்றிப் பருப்பில் பளபளப்பு ஏறும்போது இறக்கவேண்டும்.

உடைந்தவை வெர்மிசெல் ஆகும். சுவிஸ் முழுக்க இலையுதிர் காலத்தில் இது ஓடும். பருப்பைப் பாலில் வனிலாவோடு வேகவைத்து மசித்து, சீனிப்பாகும் ஒரு கரண்டி கிர்ஷ் மதுவும் சேர்த்து, நூல் நூலாகப் பிழிந்து, அடித்த கிறீமும் மெறிங்கும் வைத்துக் கொடுப்பது. எங்கள் குசினியில் இதற்கென்று இருந்த பிழியும் கருவியின் கைபிடி ஒருநாள் கழன்றுபோனது. வீட்டிலிருந்து இடியப்ப உரலைக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து அதுதான். இடியப்பத் தட்டின் சின்ன ஓட்டை சரிவராது, முறுக்குத் தட்டு வேண்டும். களியை முன்பே அரிதட்டில் தேய்த்து எடுக்காவிட்டால் தோல் துணுக்கு ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். பாகு கெட்டியாக இருக்கவேண்டும், தண்ணியாக இருந்தால் நூல் தட்டில் விழுந்தவுடன் படிந்துவிடும். உரலை ஒரே இடத்தில் பிடிக்காமல் வட்டமாகச் சுற்றிப் பிழிந்தால் காற்றோட்டமாகக் குவியும். இதை இங்கே எனக்கு யாரும் கற்றுத் தரத் தேவையிருக்கவில்லை.

இரண்டாம் குவியலில் ஒரு பங்கைச் சூப்புக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை உலர்த்தக் கொடுக்கிறோம். மலைக் கிராமங்களில் க்ரா என்று ஒரு சின்னக் கல்வீடு இருக்கும், இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் கஸ்தான்யா விறகைச் சுடர் எழும்பாமல் புகையவிடுவார்கள். மேல்தட்டில் இடைவெளிவிட்டு அடுக்கிய சட்டங்களில் கொட்டை பரவிக் கிடக்கும். ஏறக்குறைய மூன்று கிழமை, இரவும் பகலும் நெருப்பு அணையக் கூடாது. ஒருவர் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். காய்ந்ததைச் சாக்கில் கட்டி மரக்கட்டையில் அடித்தால் இரண்டு தோலும் நொறுங்கிக் கழரும், பிறகு புடைத்து எடுப்பது. மூஜ்ஜோ பள்ளத்தாக்கில் கப்பியோ கிராமத்தில் ஒரு பழைய க்ரா இன்னும் வேலை செய்கிறது. தூசு பறக்கப் புடைப்பதைப் பார்த்து நின்றபோது சுளகு இருந்தால் கொண்டுவந்திருக்கலாம் என்று பட்டது. காய்ந்த கொட்டையில் புகை மணம் ஏறியிருக்கும், அது பச்சையில் கிடைக்காத ருசி. இரவு முழுக்க ஊறவைத்து, மடிப்பில் மிஞ்சிய தோலைக் கத்தி நுனியால் நோண்டி எடுத்து, பாலில் ஒரு சிட்டிகை உப்போடு இரண்டு மணி நேரம் மெதுவாக வேகவைத்து, கடைசியில் ஒரு பிடி அரிசி. சீனி தேவையில்லை. காய்ந்த கொட்டையை அரைத்த மாவில் பசைத்தன்மை இல்லாததால் அதை மட்டும் குழைத்தால் தலியத்தேல்லே என்ற நாடாப் பாஸ்தா அறுந்துவிடும். மூன்றுக்கு ஒன்று என்று கோதுமை மாவோடு சேர்க்கிறேன்.

இந்த மரங்களுக்கு நோய் புதிதில்லை. பட்டையைத் தின்னும் பூஞ்சண நோய் 1948இல் திச்சினோவுக்குள் வந்தது. பல தோப்புகள் அதில் போயின, பின்பு அந்தப் பூஞ்சணத்தையே பலவீனப்படுத்தும் ஒரு வைரஸ் பரவியதால் மீதி தப்பியது. என் கண்முன் நடந்தது இன்னொன்று. சீனாவிலிருந்து வந்த ஒரு சின்னக் குளவி, 2002இல் இத்தாலியின் பியமோந்தேயில் கண்டுபிடிக்கப்பட்டு, 2009 அளவில் எல்லை தாண்டி இங்கே வந்தது. மொட்டுக்குள் முட்டையிடும், மொட்டு தளிராகாமல் கழலையாக வீங்கும். சில ஆண்டுகள் மரம் மரமாகப் பார்த்தும் ஒரு சாக்கு நிரம்பவில்லை. அந்தக் குளவியைத் தின்னும் இன்னொரு குளவியை இத்தாலியில் விட்டார்கள். அதுவும் தானாக எல்லை தாண்டி வந்து சேர்ந்தது, விளைச்சலும் மெல்லத் திரும்பியது. அந்த மெலிந்த வருடங்களில் பிரிக்கும் மேசையில் முதற்குவியல்தான் முதலில் காணாமல் போனது. மானுக்குப் பக்கத்தில் கஸ்தான்யா இல்லாமல் பேரிக்காய் வைத்தோம். வாடிக்கைக்காரர் முணுமுணுத்தார்கள்.

மூன்றாம் குவியலில் வெர்மிசெல்லுக்குப் போக மிஞ்சுவது எங்களுக்கு. வேலைக்காரர் சாப்பாடு மாலை ஐந்து மணிக்கு. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூள் போட்டு, இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு, பருப்பைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சேர்க்கிறேன். முன்பே போட்டால் கரைந்துவிடும். இனிப்பு இருப்பதால் தூளும் புளியும் கொஞ்சம் தூக்கலாக வேண்டும், இறக்கும்போது முதற்பால். முதல்முறை சாப்பிட்ட வவுனியாப் பொடியன், "அண்ணை, இது எங்கட பலாக்கொட்டைதானே" என்றான். அதைவிட மென்மை, அவ்வளவுதான். கோப்பை கழுவும் எரித்திரியா நாட்டுக்காரர் சோறு வேண்டாமென்று ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவார்.

முதலாளியம்மா இந்தக் கறியைப் பட்டியலில் போடச் சொல்லிப் பல வருடமாகக் கேட்கிறார். விலைகூட யோசித்து வைத்திருக்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. பட்டியலில் எழுதினால் கேட்பவருக்கெல்லாம் கொடுக்கவேண்டும். மூன்றாம் குவியல் எவ்வளவு வரும் என்பதை மழையும் புழுவும் முடிவு செய்கின்றன. முழுக் கொட்டையை உடைத்துக் கறியில் போட எனக்கு மனம் வராது. போதாதென்று வேலைக்காரரின் சட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவும் மாட்டேன்.